குடிலுக்கு முளைத்த கம்பு

ஒரு ஊருல, ஊருன்னா கரண்டும் பஸ்ஸும் உள்ள ஊரு இல்ல, கரிசக்காட்டுக்கு நடுவுல ஒரு கோயிலு, கோயிலச் சுத்திக் கொஞ்சம் குடிசை, ஒரே ஒரு மச்சு வீடு, அம்புட்டுத்தான் ஊரு, அந்த ஊருல வியாகுலம்னு ஒரு பொம்பள இருந்தா. ஏலே ஜோயலு, நான் சொல்லச் சொல்ல 'உம்' கொட்டணும். கொட்டலைன்னா நான் பாட்டுக்கு நிறுத்திட்டு வெத்தலை போடப் போயிருவேன்.

வியாகுலத்துக்குப் புருசன் இல்ல. அந்த வருசம் ஆடியில காய்ச்சல் வந்து போய்ச் சேந்துட்டான். அவன் போகையில அவ வயித்துல பிள்ளை. மூத்தது ரெண்டும் பொட்டப் பிள்ளைக, மூணாவது கார்த்திகையில பொறந்துச்சு, ஆம்பளப் பிள்ளை, தகப்பன் முகத்தப் பாக்காத பிள்ளை. வீட்டுல உள்ள சொத்து என்னன்னு கேட்டா, கோயிலுக்குக் கெழக்க ஒரு துண்டு மானாவாரி நெலம், ஒரு வெள்ளாடு, ஒரு கலயம் வெதைக் கம்பு.

அந்தக் கலயத்தப் பத்திச் சொல்லணும். வெதைக் கம்போட சாம்பலக் கலந்து, கலயத்து வாயச் சாணி வச்சு மெழுகி, அடுப்புக்கு மேல உறியில தொங்கவிட்டிருந்தா. அடுப்புப் புகை பட்டா பூச்சி அண்டாதுல்லா, அதுக்குத்தான். அந்த வருசம் ஐப்பசியிலயும் மழை இல்ல, கார்த்திகையிலயும் மழை இல்ல. நெலம் வாயப் பொளந்து கெடக்கு. மார்கழியில ஒரே ஒரு மழை விழுந்தாக்கூடப் போதும், கம்ப வெதைச்சிரலாம், பங்குனி கடைசியில ஒரு வாய்க் கஞ்சியக் கண்ணால பாத்துரலாம்னு ஊரே வானத்தப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுவரைக்கும் என்ன திங்க? புளியங்கொட்டைய வறுத்து ஊற வச்சுத் தின்னாக. காட்டுல கெடச்ச கீரையப் பிடுங்கித் தின்னாக. வெதைய மட்டும் ஒருத்தரும் தொடல.

பெரியவ கேட்டா, "எம்மா, வயித்த வலிக்கு. அந்தக் கலயத்த இறக்கி ஒரு கை வறுத்துத் தா." வியாகுலம் சொன்னா, "வெதையத் தின்னா வாற வருசத்தத் தின்ன மாதிரி மக்கா. இன்னிக்கு மட்டும் பொறுத்துக்க." மறுநாளு சின்னவ கேட்டா, "எம்மா, ஒரே ஒரு கை." "இன்னிக்கு மட்டும் பொறுத்துக்க மக்கா." அதுக்கு மறுநாளு யாரும் கேக்கல. ரெண்டு பிள்ளைகளும் கலயத்துக்குக் கீழ படுத்து அண்ணாந்து பாத்துக்கிட்டே கெடந்துச்சுக. கேட்டிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு பெத்தவளுக்கு.

இது இப்படி இருக்க, மச்சு வீட்டுக்கு வருவோம். அங்க இருந்தவரு பண்ணையாரு மிக்கேலப்பரு. கெட்டவருன்னு நான் சொல்ல மாட்டேன். தினமும் செபமாலை உருட்டுவாரு. கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தவரு அவருதான். என்ன, மணியில கர்த்தர் பேரு சிறுசா இருக்கும், மிக்கேலப்பர் பேரு பெருசா இருக்கும். அப்படிப்பட்ட பக்தி.

அவருக்கு ஒரு சேதி வந்துச்சு. இந்த வருசம் பாலன் பொறப்புக்கு, அதான் கிறிஸ்துமஸுக்கு, ஆயரே நம்ம ஊருக்கு வாராருன்னு. ஆயருன்னா சாமியாருக்கெல்லாம் பெரிய சாமி. அந்த ஊருக்குச் சாதாரணச் சாமியாரே மாசத்துக்கு ஒருக்காதான் பூசை வைக்க வருவாரு. பண்ணையாருக்கு இருப்புக் கொள்ளல. ஏன்னா போன வருசம் பக்கத்து ஊருப் பண்ணை, பாலன் பொறந்த கொட்டில் மாதிரி வச்ச குடில ஆயரு ரொம்ப நேரம் நின்னு பாத்து, நல்லாருக்குன்னு சொல்லிட்டாராம். அந்த 'நல்லாருக்கு' இவரு தொண்டையில முள்ளு மாதிரி நின்னுச்சு.

நம்ம வீட்டுலயும் குடில் வைக்கமுல்லா, என்ன செய்யுதோம்? ஒரு தட்டுல மண்ணப் போட்டு ஒரு கை தானியம் தூவி, தண்ணி தெளிச்சு வச்சா பச்சப்பசேல்னு முளைக்கும், அத பாலனுக்கு முன்னால வயலு மாதிரி வைக்கோம். ஒரு கை. ஒரே ஒரு கை. பண்ணையாருக்கு ஒரு தட்டு போதல. கோயிலுக்கு முன்னால உள்ள முத்தம் முழுக்கப் பச்சை வேணும்னாரு. ஊரே காஞ்சு கெடக்கையில நம்ம குடில் மட்டும் பெத்லகேம் கணக்கா பச்சையா நிக்கணும், ஆயரு அசந்து போகணும்னாரு. முத்தம் முழுக்க முளைக்கணும்னா எம்புட்டுத் தானியம் வேணும்? மச்சு வீட்டுத் தானியக் குதிரு நெறைய கம்பு கெடக்கு. அதத் தொட மனசு வரல. கணக்குவழக்கு பாக்குற காரியக்காரனக் கூப்பிட்டாரு, வீடு வீடா அனுப்பிட்டாரு.

காரியக்காரன் வியாகுலம் வீட்டு வாசல்ல வந்து நின்னான். "ஏ வியாகுலம், குடிலுக்கு வெதைக் கம்பு வேணும். எடு."

"ஐயா, மழை வந்தா நான் எத வெதைப்பேன்?"

"பாலனுக்குக் கேக்கேன். எனக்கா கேக்கேன்?"

"பண்ணை வீட்டுக் குதிர்ல இல்லாததா ஐயா?"

"அது பண்ணை வெதை. மழை வந்தா பண்ணையாரு வெதைக்க வேண்டாமா?" அப்படின்னுட்டு, தொட்டில்ல கெடந்த பிள்ளையப் பாத்தான். "கைப்பிள்ளைக்காரி நீ. பாலனுக்கு இல்லைன்னு சொல்லுததுக்கு முன்னால யோசிச்சுக்க."

அம்புட்டுத்தான். தொட்டில்ல கெடந்த பிள்ளைய வாரி எடுத்துக்கிட்டா. நெலத்தக் கேட்டா சண்டைக்கு நிப்பா. கூலியக் கேட்டா மல்லுக்கு நிப்பா. பாலனுக்குன்னு கேட்டா என்ன செய்வா பாவம்? கலயத்த இறக்கிக் குடுத்துட்டா. ஊரு முழுக்க இதே கதைதான். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க, எல்லாருக்கும் பயம். எல்லாக் கலயமும் கோயிலு முத்தத்துக்குப் போயிருச்சு. ஊறப் போட்டாக, மண்ணுல தூவுனாக, மேல வைக்கோலப் பரப்புனாக, இருந்த ஒரே கெணத்துத் தண்ணியையும் எறச்சு அதுக்கு ஊத்துனாக. குடிக்கத் தண்ணி இல்லாத ஊருல குடிலுக்குத் தண்ணி.

பச்சை முளைக்க ஆரம்பிச்சுது. அன்னிக்குச் சாயங்காலம் பாத்தா, தென்கெழக்குல ஒரு கருமேகம்.

ஏட்டி பிரின்சி, நீ சிரிக்க. மேகம் வந்தா சந்தோசம்தானேன்னு நெனைக்க. தட்டான் தாழப் பறந்தா தப்பாம மழைன்னு சொல்லுவாகல்லா, அன்னிக்குத் தட்டான் முட்டிக்காலு ஒசரத்துல பறக்கு. எறும்பு முட்டையத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போவுது. வருசம் முழுக்க எந்த மழைய வா வான்னு கூப்பிட்டாகளோ, அந்த மழை வாற நேரத்துல ஊருல ஒருத்தர் மொகத்துலயும் ரத்தம் இல்ல. கையில வெதை இல்லையே. பெஞ்சு ஈரம் காஞ்சு போச்சுன்னா அந்த வருசம் அம்புட்டுத்தான். இன்னும் கொஞ்ச நாளு பெய்யாத சாமின்னு வேண்டிக்கிட்ட வெள்ளாமைக்காரச் சம்சாரிகள நீ எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா? அந்த ஊருல வேண்டுனாக.

வியாகுலம் மச்சு வீட்டுக்கு ஓடுனா. "ஐயா, பண்ணையாரையா, மேகம் கூடுது. முளைச்சது போகட்டும். உங்க குதிர்ல இருந்து ஒரு கலயம், ஒரே கலயம் குடுங்க. அறுத்ததும் ரெண்டு கலயமாத் திருப்பித் தாரேன்."

பண்ணையாரு கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு இருந்தாரு. திரும்பிக்கூடப் பாக்கல. "பாலனுக்குன்னு குடுத்ததத் திரும்பக் கேக்கக் கூடாது. கேட்டா பாவம்."

அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தா. மறுநாளு காரியக்காரன் திரும்பவும் வந்துட்டான். "குடில்ல உசுரோட ஆடு நிக்கணுமாம். உன் வெள்ளாடு லெச்சணமா இருக்கு."

"ஐயா, எனக்குப் பாலு வத்திப் போச்சு. அந்த ஆட்டுப் பாலுதான் பிள்ளைக்கு."

"பாலனுக்குக் கேக்கேன், வியாகுலம்."

ஆடும் போச்சு. பச்சைய மேஞ்சிரக் கூடாதுன்னு அதுக்கு வாய்க்கூடு கட்டி, பச்சைக்கு நடுவுலயே நிப்பாட்டுனாக. பசிச்ச ஆட்ட அப்படி நிப்பாட்டுனவன் கை வெளங்குமா? இங்க வீட்டுல பிள்ளை அழுது அழுது தொண்டை கம்மிப் போச்சு. புளியங்கொட்டை ஊறுன தண்ணியத் துணியில நனச்சு வாயில வச்சா. துப்பிருச்சு. அவ பண்ணை வீட்டுக்கு இன்னொரு தடவை ஓடுனா. "ஐயா, ஆட்டையாவது குடுங்க, பிள்ளை செத்துப் போகும்." அதே வார்த்தைதான் வந்துச்சு. "பாலனுக்குன்னு குடுத்ததத் திரும்பக் கேக்கக் கூடாது. கேட்டா பாவம்."

இங்க இன்னொரு ஆளச் சொல்லணும். சந்தியாகு. ஊரு ஆடுகள மேய்க்கிறவன், வியாகுலம் போயி நின்ன ரெண்டு தடவையும் மச்சு வீட்டு வாசல்ல குடிலுக்கு மூங்கில் சீவிக்கிட்டு இருந்தவன். ஊரே அவன கோட்டிக்காரன், பைத்தியம்னு சொல்லும். அவன் என்ன கோட்டித்தனம் செஞ்சான்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. சாமியாரு பிரசங்கம் வச்சுக்கிட்டு இருக்கையில நடுவுல எந்திரிச்சு, "அது ஏன் சாமி அப்படி?"ன்னு கேப்பான். அதான். கேள்வி கேட்டா கோட்டி. பண்ணையாரு அவனத்தான் குடில் கட்டச் சொன்னாரு, ஆட்டுக்கொட்டில் கட்டத் தெரிஞ்சவன் அவன்தானே. அவனும் கட்டுனான். கட்டி முடிச்சுப் பாத்தா வாசல் இடுப்பு ஒசரம்தான் இருக்கு.

காரியக்காரன் கேட்டான், "ஏம்ல வாசல் இம்புட்டுத் தாழ்வு?"

"கொட்டில்னுதானே சொன்னீக. ஆட்டுக்கு எதுக்கு ஒசந்த வாசல்?"

"ஆயரு எப்படில உள்ள போவாரு?"

"குனிஞ்சு போவாரு."

சரி, கோட்டிக்காரன்கிட்ட என்ன பேசன்னு விட்டுட்டான்.

பண்ணையாரு அதுக்குள்ள இன்னொரு திட்டம் போட்டுட்டாரு. அவரு மக செபஸ்தியம்மாவுக்குப் பட்டுச்சேலை கட்டி மாதாவா உக்கார வைக்கணும். அவரு ராசா வேசம் கட்டிக்கிட்டு பாலனக் கும்பிட வரணும். கதைப்படி மூணு ராசால்லா? மத்த ரெண்டு ராசாவுக்கும் அவரு ஆளு வைக்கல. ஒரு ஊருக்கு ஒரு ராசா போதும்னுட்டாரு. வெல்வெட்டுச் சட்டையும் ஒரு மொழம் ஒசரத்துல சரிகைக் கிரீடமும் போட்டுக்கிட்டு, குடில் வேலை முடிஞ்சுதான்னு சொல்ல வந்த சந்தியாகுகிட்டயே கேட்டாரு, "எப்படில இருக்கேன்?"

சந்தியாகு தலையச் சொறிஞ்சான். "ராசா மாதிரிதான் இருக்கீக. ஆனா ராசா வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தா, ஆயரு, இவரு ராசாவா ராசா வீட்டுத் தலையாரியான்னு யோசிக்க மாட்டாரா?"

பண்ணையாருக்குச் சுருக்குன்னுச்சு. "பின்னால வண்டி வரும்ல. மூட்டை மூட்டையா வரும்."

"மூட்டையில என்ன ஐயா?"

"பதரு. யாரு அவுத்துப் பாக்கப் போறா?"

"அவுக்க வேண்டாம் ஐயா. பதரு ஏத்துன வண்டி கடகடன்னு ஓடும். பாரவண்டி முனங்கிக்கிட்டு வரும். ஆயரும் சம்சாரி வீட்டுப் பிள்ளையாம்லா."

பண்ணையாரு கிரீடத்தச் சரி பண்ணிக்கிட்டாரு. "சரி, காட்டிட்டுத் திரும்பக் கொண்டு வந்துரலாம்"னாரு. போன வருசம் பக்கத்து ஊருப் பண்ணை ரெண்டு வண்டி கட்டுனானாம்னு சந்தியாகு சொன்னதும், நாலு வண்டி கட்டுங்கன்னுட்டாரு. குதிர வழிச்சு அள்ளுனாக. வெதைக்குன்னு வச்சிருந்த கம்பு அம்புட்டும் மூட்டையில ஏறிருச்சு. சந்தியாகு தெரிஞ்சு சொன்னானா, தெரியாமச் சொன்னானான்னு என்கிட்டக் கேக்காதீங்க. எனக்கே தெரியாது.

எல்லாம் தயாரு, ஒண்ணு மட்டும் கொறையுது. தொட்டில்ல மரப் பொம்மையா வைக்க? மாதா உசுரோட, ஆடு உசுரோட, ராசா உசுரோட இருக்கையில பாலன் மட்டும் பொம்மையா இருந்தா நல்லாவா இருக்கும்? ஊருல கைப்பிள்ளை யாருகிட்ட இருக்கு? ஒரே ஒருத்திகிட்டத்தான்.

ஆட்டக் கொண்டு போன மறுநாளு, கிறிஸ்துமஸ் காலையில, காரியக்காரன் மூணாவது தடவையா வந்து நின்னான். அவனப் பாத்ததும் வியாகுலம் பிள்ளைய மாரோட அணைச்சுக்கிட்டா. "இனி என்கிட்ட ஒண்ணும் இல்ல ஐயா."

"பிள்ளையக் குடு. பாலனுக்குத்தான்."

அவ பிள்ளைய விடாமலே சொன்னா, "நானும் கூட வாரேன்."

"நீ வெளிய நில்லு. மாதாவா எங்க செபஸ்தியம்மா உக்காந்திருக்காக. ரெண்டு மாதாவா இருப்பாக?"

பிடுங்கிட்டுப் போயிட்டான். அவ வெறிபிடிச்ச மாதிரி பின்னாலயே ஓடுனா. கோயிலு முத்தத்துல கயிறு கட்டி, கயித்துக்கு அந்தப் பக்கம் ஊரு சனத்த நிப்பாட்டியிருந்தாக. அவளையும் அங்கயே நிப்பாட்டிட்டாக. உள்ள பிள்ளை அழுவது அவளுக்குக் கேக்குது. கொஞ்ச நேரம் கேக்கும், கொஞ்ச நேரம் கேக்காது. கேக்காதப்பதான் அவ கயித்தப் பிடிச்சு எட்டி எட்டிப் பாக்கா. மேல பாத்தா வானம் மொத்தமும் கருத்துப் போச்சு. ஈரக்காத்து அடிக்குது. சுத்தி நிக்கிற சனம் வானத்தப் பாக்கும், முத்தத்துல நிக்கிற பச்சையப் பாக்கும். அது அவுகவுக வீட்டுக் கலயம்லா.

ஆயரு வந்தாரு. பேண்டு வாத்தியம் அடிச்சாக. வயசான மனுசன், மெலிஞ்ச உடம்பு. பச்சையப் பாத்தாரு. காஞ்ச காட்டப் பாத்தாரு. குனிஞ்சு குடிலுக்குள்ள போயிட்டாரு.

அடுத்து ராசா வாராரு. பின்னால நாலு வண்டி முனங்கிக்கிட்டு வருது. வாசலுக்கு வந்து நின்னாரு, உள்ள போக முடியல. கிரீடம் இடிக்குது. குனிஞ்சு பாத்தாரு, அப்பவும் இடிக்குது.

சந்தியாகு சொன்னான், "கிரீடத்தக் கழட்டிட்டு வாங்க ஐயா."

"கிரீடம் இல்லாம என்னல ராசா?"

"அப்ப தவந்துதான் வரணும்."

ஊரே பாத்துக்கிட்டு நிக்குது, உள்ள ஆயரு காத்துக்கிட்டு இருக்காரு. என்ன செய்வாரு? வெல்வெட்டுச் சட்டையோட முட்டி போட்டு, கைய ஊனி, தவந்து தவந்து போனாரு. வாழ்நாளுல அந்த மனுசன் மண்ணுல முட்டி வச்சது அன்னிக்குத்தான். கோயிலுல அவருக்கு நாற்காலி உண்டு.

ஆயரு கேட்டாரு, "வெளியே வண்டிகள் நிக்குதே பண்ணையாரே, என்ன அது?"

பண்ணையாருக்கு உச்சி குளுந்து போச்சு. தவந்ததுகூட மறந்து போச்சு. "ராசா கொண்டாந்த காணிக்கை சாமி. எல்லாம் பாலனுக்குத்தான்."

"எல்லாமா?"

"எல்லாமே பாலனுக்குத்தான் சாமி." வெளிய நிக்கிற சனத்துக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னாரு.

அப்ப பிள்ளை வீல்னு அழுதுச்சு. செபஸ்தியம்மா ஆட்டிப் பாத்தா, தட்டிப் பாத்தா, நிக்கல. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, சும்மா சொல்லக் கூடாது. கண்ணு கலங்கி ஆயர்கிட்டச் சொன்னா, "சாமி, இது என் பிள்ளை இல்ல. பசியில அழுவுது. எனக்கு அமத்தத் தெரியல. தாய் வெளிய நிக்கா."

"தாயை வெளியே நிறுத்திட்டா குடில் வச்சீங்க?"ன்னு ஆயரு கேட்டாரு. கோவமாக் கேக்கல. மெதுவாத்தான் கேட்டாரு. பண்ணையாருக்கு வேர்த்திருச்சு.

சந்தியாகு போயி வியாகுலத்தக் கூட்டிட்டு வந்தான். வந்தவ ஆயரையும் பாக்கல, ராசாவையும் பாக்கல. பிள்ளையத் தூக்கி நெஞ்சுல போட்டுக்கிட்டா. சந்தியாகு ஆட்டோட வாய்க்கூட்ட அவுத்துவிட்டு, ஒரு கொட்டாங்கச்சியில பாலப் பீச்சிக் குடுத்தான். பிள்ளை சப்பிச் சப்பிக் குடிச்சுது.

ஆயரு கேட்டாரு, "உனக்கு என்ன வேணும் தாயி?"

அவ அந்தப் பச்சையக் காட்டுனா. "இது எங்க வெதை சாமி. எம்பிள்ளைக பட்டினி கெடந்து காத்த வெதை. பாலனுக்குக் குடுத்ததத் திரும்பக் கேட்டா பாவமாம். நான் கேக்கல. ஆனா மழை வருது சாமி. நான் எத வெதைப்பேன்?" சொல்லிட்டு ஓன்னு அழுதா. கயித்துக்கு அந்தப் பக்கம் நின்ன பொம்பளைகளும் அழுதாக. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் வாய் தெறக்கல, இப்ப ஒருத்தி ஆரம்பிச்சதும் எல்லாருக்கும் அழுகை வந்துருச்சு.

ஆயரு வாயத் தெறக்கதுக்குள்ள வெளிய தொப்புன்னு ஒரு சத்தம். பொறவு இன்னொரு தொப்பு. பண்ணையாரு தவந்து வெளிய வந்து பாத்தா, சந்தியாகு வண்டியில ஏறி நின்னு மூட்டைய ஒவ்வொண்ணா எறக்கிக்கிட்டு இருக்கான்.

"ஏலே, நிறுத்துல. யாரு எறக்கச் சொன்னா?"

"நீங்கதான ஐயா சொன்னீக, எல்லாம் பாலனுக்குன்னு."

"அது... காட்டுறதுக்குல்லா கொண்டாந்தது. திரும்ப ஏத்து."

"ஐயையோ, பாலனுக்குன்னு குடுத்ததத் திரும்பக் கேக்கக் கூடாதே ஐயா. பாவம்லா. இந்தப் பொம்பளைகிட்ட ரெண்டு தடவை சொன்னீகளே, நானும் கேட்டுக்கிட்டுத்தான நின்னேன்."

ஆயரு குனிஞ்சு வெளிய வந்தாரு. "அப்படிச் சொன்னீங்களா பண்ணையாரே?"

பண்ணையாரு முழிச்சாரு. இல்லைன்னு சொன்னா, ஊரு முழுக்க வாங்குன வெதைக்குப் பதில் சொல்லணும். ஆமான்னு சொன்னா, குதிரு காலி. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. "சொன்னேன் சாமி. ஆனா பாலன்னா, கோயிலுக்குன்னு அர்த்தம். இது... இவ பிள்ளை."

"தொட்டில்ல இந்தப் பிள்ளையைப் படுக்க வச்சது யாரு?"

பண்ணையாரு காரியக்காரனத் திரும்பிப் பாத்தாரு.

"பாலன்னு சொல்லிப் படுக்க வச்சது நீங்க. பாலனுக்குன்னு கொண்டு வந்து இறக்கினதும் நீங்க. பாலன் இப்ப அவன் அம்மா கையில இருக்கான். இனி அந்தத் தாய் சொல்றபடிதான்."

அப்ப இடி இடிச்சுது பாருங்க, மாடுக மெரண்டு போச்சு. பெரிய பெரிய துளியா நாலு துளி மண்ணுல விழுந்துச்சு. சனம் கயித்தத் தாண்டி முன்னால வந்துருச்சு. இப்ப மூட்டை முழுக்க வெதை இருக்கு, ஆனா அது ஒருத்திக்குச் சொந்தம். காலையில வரைக்கும் தங்கள மாதிரியே பட்டினி கெடந்தவ, இப்ப நாலு வண்டிக்கு முதலாளி. அவ என்ன சொல்லப் போறாளோன்னு ஒவ்வொருத்தரும் அவ கையையே பாத்துக்கிட்டு நிக்காக. ஏன்னா கையில வந்ததும் மனசு மாறிப்போற சாதிதான மனுச சாதி.

வியாகுலம் பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு மூட்டைகிட்டப் போனா. அளக்க மரக்காலு ஒண்ணு கொண்டாங்கன்னா. மொத ஆளப் பாத்துக் கேட்டா, "உங்க வீட்டுல எத்தனை வாய்?"

"அஞ்சு."

அஞ்சு வாய்க்கு அளந்தா. அடுத்த ஆளு. "உங்க வீட்டுல எத்தனை வாய்?" "மூணு." மூணு வாய்க்கு அளந்தா. தன் வீட்டுக்கு, ரெண்டு பொட்டப் பிள்ளைக, கைப்பிள்ளை, தானு, நாலு வாய்க்கு அளந்து தனியா வச்சா. சந்தியாகுக்கு ஒரு வாய். அவனுக்கு நெலம் இல்ல, ஆனாலும் அளந்தா. மழை வலுக்குறதுக்குள்ள சனம் மடியில கட்டிக்கிட்டுக் காட்டப் பாத்து ஓடுது.

கடைசியில ஒருத்தரு மட்டும் நின்னாரு. சரிகைக் கிரீடம் நனஞ்சு தொங்குது. வெல்வெட்டுச் சட்டையில முட்டி ரெண்டும் சேறு. பண்ணையாருக்கு ஒரு பிடி வெதை கையில இல்ல. மழையோ வந்துருச்சு, காடோ சும்மா கெடக்கு.

"வியாகுலம்"னாரு. ஏட்டின்னும் சொல்லல, ஏ புள்ளன்னும் சொல்லல. "எனக்கும் வெதை வேணும்."

எல்லாரும் அவ மொகத்தப் பாத்தாக. போய்யான்னு சொல்லுவான்னு நெனச்சாக. சொல்லியிருந்தா நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவ அப்படிச் சொல்லல. நிமுந்து பாத்துக் கேட்டா, "உங்க வீட்டுல எத்தனை வாய் ஐயா?"

"நானும் மகளும். ரெண்டு."

ரெண்டு வாய்க்கு அளந்து நீட்டுனா.

பண்ணையாரு அந்தக் கம்பப் பாத்தாரு. "இது என்ன, இம்புட்டுத்தானா? எனக்கு ஊருக்கு வடக்க பூராம் நெலம் கெடக்கே."

"நாங்க நெலத்துக்கு அளக்கல ஐயா, வயித்துக்கு அளக்கோம்"னா வியாகுலம்.

அவரு கிரீடத்தக் கழட்டி, அந்தக் கம்ப அதுலயே வாங்கிக்கிட்டாரு. வேற பாத்திரம் கொண்டாரலல்லா. அந்த வருசம் ஊரு முழுக்க கம்பு தலைக்கு மேல நின்னுச்சு. பண்ணைக் காட்டுல ஒரு மூலையில மட்டும் கொஞ்சம் பச்சை, மத்த காடெல்லாம் தரிசு. அந்த மூலைய அவரே தன் கையால களையெடுத்தாருன்னு சொல்லுதாக.

பாலனுக்குக் குடுங்க பிள்ளைகளா, நல்லாக் குடுங்க. ஆனா உன் குதிரத் தெறந்து குடு. அடுத்தவ அடுப்புக்கு மேல தொங்குறத எறக்கிக் குடுத்துட்டு, அதுக்கு நீ ராசா வேசம் கட்டாத. அவுக அறுத்துக் கஞ்சி குடிச்சாக, நான் சொல்லி வாய் காஞ்சேன், இனி எந்திரிச்சு எல்லாரும் ஒரே சட்டியில இருந்து சாப்பிடுங்க.